முந்திரிகைப் பந்தலும் நமது வளவும்

அண்மையில் விசுவமடுவிலிருந்து நாம் ஒரு குழுவாகத் தோலகட்டி ஆச்சிரமத்திற்குச் சென்று வந்தோம். 1928 இல் தோமஸ் அடிகளார் ஆரம்பித்த துறவியர் சபை அது. அங்கு செய்யும் நெல்லிரசமும் வைனும் நாடறிந்தவை. வழியில் வலிகாமத்து முந்திரிகைப் பந்தல்களையும் கண்டோம்.

திரும்புகையில் பலரும் கேட்டது ஒன்றுதான்: “நாங்களும் முந்திரிகை நட்டால் என்ன?”

அவசரப்பட வேண்டாம் என்பதே எமது கருத்து. முந்திரிகைக்கு நீர் தேங்காத மண் வேண்டும். பூக்கும் வேளையில் மாரிமழை விழாதபடி காலம் பார்த்துக் கொடியை வெட்ட வேண்டும். அதனிலும் பெரிது விற்பனை. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தவரை விசுவமடு மிளகாய்க்கு நல்ல விலை. 1977 இற்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட, விலை சரிந்தது. ஒரே பயிரை நம்பி, பிறர் சொல்லும் விலைக்கு விற்றவர்கள் நாம்.

பழம் விரைவில் அழுகும். போத்தலில் அடைத்த இரசம் விலை வரும்வரை காத்திருக்கும். வைனுக்கு மதுவரி அனுமதி வேண்டும்; பழரசத்திற்கு அந்தச் சிக்கல் இல்லை. நெல்லியும் தேசியும் மாவும் நம் வளவுகளில் வீணாகின்றன. மாதர் சங்கம் முதலில் இரசம் காய்ச்சிப் பழகட்டும். முந்திரிகையைப் பிறகு நடலாம். சிந்திப்போமா?