வங்கிக் கட்டடத்தின் அஸ்திவாரத்தில் யார் இருக்கிறார்கள்?

கோயம்புத்தூரைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பெருமையாகச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த மான்செஸ்டர் யாருடைய உழைப்பில் ஆலை நகரமானது என்பதை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அங்கே செயின்ட் ஆன் சதுக்கத்தில் நிற்கும் ஒரு பழைய வங்கிக் கட்டடம் அதைச் சொல்லும்.

1848இல் ஹேவுட் வங்கிக்காகக் கட்டப்பட்டது அது. வடிவமைத்தவர் ஜே. இ. கிரேகன். இத்தாலிய மாளிகைப் பாணிக்காக இன்றும் புகழப்படுகிறது. ஆனால் வங்கியின் கதை கட்டடத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஹேவுட் குடும்பம் லிவர்பூலில் ஆப்பிரிக்க மக்களைக் கப்பலேற்றி விற்ற வணிகத்தில் பணம் சேர்த்த குடும்பம். அவர்களில் பெஞ்சமின் ஹேவுட்டும் இரு மகன்களும் 1788இல் மான்செஸ்டரில் இந்த வங்கியைத் தொடங்கினார்கள்.

1807இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. அதற்குப் பிறகும் மான்செஸ்டர் வட்டாரத்து ஆலைகளில் ஓடிய பஞ்சில் பெரும்பகுதி அமெரிக்கத் தென் மாநிலங்களில் அடிமைகள் பறித்தது. அங்கே தோட்ட முதலாளிகள் அந்த மனிதர்களையே அடமானம் வைத்துக் கடன் வாங்கினார்கள். கடன் வாங்கும் உரிமை ஒருவனுக்கு. அடமானப் பொருளாக இருக்கும் விதி இன்னொருவனுக்கு!

பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறையை ஒழிக்க 1833இல் சட்டம் வந்தது. 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கப்பட்டது. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. அடிமைப்பட்டவர்களுக்கு ஒரு பென்னிகூட இல்லை. அதற்காக அரசு வாங்கிய கடன் 2015இல்தான் அடைபட்டது. அதாவது, அடிமைகளின் வாரிசுகள் கட்டிய வரியும் அந்தக் கடனுக்குப் போயிருக்கிறது.

இதே நகரத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்து நின்று, ஆலைகள் மூடப்பட்டு, தொழிலாளர்கள் பட்டினி கிடந்தார்கள். அந்த நிலையிலும் 1862 டிசம்பர் 31 அன்று மான்செஸ்டரில் கூடி, அடிமைமுறைக்கு எதிராக லிங்கனுக்கு ஆதரவுக் கடிதம் அனுப்பினார்கள். அடுத்த மாதமே லிங்கன் நன்றி சொல்லிப் பதில் எழுதினார். எல்லாத் தொழிலாளர்களும் அப்படி நிற்கவில்லை என்பதும் உண்மை. நின்றவர்களை நாம் மறக்கக் கூடாது.

அந்தப் போராட்டத்தின் ஒலி நம் மண்ணுக்கும் வந்தது. 1873இல் ஜோதிராவ் புலே தன் 'குலாம்கிரி' நூலை, அடிமைகளின் விடுதலைக்குத் துணைநின்ற அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். சாதியின் பிடியில் இருந்தவர்களுக்கும் அப்படி ஒரு துணை வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு அடுத்த ஆண்டு, 1874இல், ஹேவுட் வங்கி வேறொரு வங்கிக்கு விற்கப்பட்டது.

கட்டடத்தை இடிக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அது நிற்கட்டும், முழு வரலாற்றோடு நிற்கட்டும். கட்டியவர் பெயரும் பாணியின் பெயரும் மட்டும் வரலாறு ஆகாது.

மாணவத் தோழர்களே, உங்கள் ஊரிலும் ஒரு பழைய வங்கி இருக்கும், பழைய ஆலை இருக்கும். முதல் பணம் எங்கிருந்து வந்தது? கடன் யாருக்குக் கிடைத்தது? நிலம் இல்லாதவர்கள் எதை அடமானம் வைத்தார்கள்? பெரியவர்களிடம் கேளுங்கள், எழுதி வையுங்கள். கல்வெட்டில் நம் பெயர் இல்லை. அதனால் நம் உழைப்பு இல்லை என்று ஆகிவிடாது.