கப்பலுக்கு வழி, படகுக்குச் சிறையா?

கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகில் தொழிலுக்குப் போகும் தோழர்களுக்குக் கடல் எல்லை என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. யாழ்ப்பாணச் சிறை அதைக் கற்பித்திருக்கிறது. ஆனால் கடல் சட்டத்தில் சரக்குக் கப்பலுக்கென்று தனி அத்தியாயம் உண்டு. அதையும் அவர்கள் அறிய வேண்டும்.

1976-ஆம் ஆண்டு இந்தியச் சட்டப்படி, கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நமது ஆட்சி எல்லை. நாட்டின் அமைதிக்கும் பாதுகாப்புக்கும் ஊறு செய்யாத அந்நிய வணிகக் கப்பல் அதனூடே கடந்து போகலாம். அனுமதி கேட்க வேண்டியதில்லை. 1982-ல் உருவான ஐ.நா. ஒப்பந்தமும் இந்த உரிமையை உறுதி செய்தது. போகிற போக்கில் மீன் பிடித்தால் உரிமை போய்விடும். ஆபத்தான சரக்கென்றால், உரிய தஸ்தாவேஜும் முன்னெச்சரிக்கையும் இருந்தால் போதும்!

கப்பல் போக்குவரத்து கூடாதென்று நாம் சொல்லவில்லை. தூத்துக்குடியிலிருந்து போகும் கப்பலும் அயல்கடலில் இதே உரிமையில்தான் செல்கிறது. நஷ்டம் யார் தலையில் விடிகிறது என்பதே நமது கேள்வி.

2025 மே 25 அன்று, லைபீரியக் கொடி பறந்த எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் 640 கன்டெய்னர்களோடு கேரளக் கரைக்கப்பால் மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் பிழைத்தனர், மகிழ்ச்சி. ஆனால் பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரிக்கும் தனுஷ்கோடிக்கும் வந்து ஒதுங்கின. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர்நீதிமன்றம் சென்றது. கப்பல் முதலாளிக்கோ, டன் கணக்குப் பார்த்து நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு கோரச் சட்டத்திலேயே இடமிருக்கிறது.

எல்லை தாண்டிய படகுக்கு அந்தத் தயவு உண்டா? இலங்கை 2018-ல் திருத்திய சட்டம், படகின் நீளத்துக்கேற்ப 17.5 கோடி இலங்கை ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. 1974 ஒப்பந்தத்தின் 6-ஆவது பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் பரம்பரையாக அனுபவித்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்றது. 1976 மார்ச்சில் டில்லியும் கொழும்பும் கடிதம் மாற்றிக்கொண்டு மீன்பிடிப்பைத் தடுத்தன. அன்று தமிழகத்தில் நடந்தது குடியரசுத் தலைவர் ஆட்சி. கேட்க மக்களின் சர்க்கார் இல்லை.

நமது இழுவை மடி யாழ்ப்பாணத் தமிழ் மீனவரின் வலையை அறுக்கிறது என்பதையும் மறைக்க மாட்டோம். அதற்குப் பரிகாரம் ஆழ்கடல் தொழிலுக்குப் படகும் கடனும், சிறை அல்ல.

துறைமுகத்துக்கு வரும் கப்பலுக்கு நிபந்தனை விதிக்க மத்திய சர்க்காருக்கு அதிகாரம் உண்டு. மீனவர் இழப்பு முழுவதற்கும் ஈட்டுத்தொகை கட்டினால்தான் அனுமதி என்று உத்தரவிடட்டும். உச்சவரம்பை உயர்த்தச் சர்வதேசச் சபையில் பேசட்டும். கொழும்போடு நடத்தும் பேச்சில் புதுக்கோட்டை மீனவர் பிரதிநிதிகளுக்கும் ஆசனம் கொடுக்கட்டும்.