கோடை விடுமுறையும் குட்டிக்கரணமும்

சித்திரை வெயில் காரைக்குடித் தெருக்களைக் காய்ச்சும் இந்த விடுமுறை நாட்களில், குழந்தைகளைக் கணிதத்துக்கும் கையெழுத்துக்கும் தனிவகுப்புகளுக்கு அனுப்புகிற பெற்றோர், சரீரத்துக்கும் ஒரு கல்வி உண்டென்பதைச் சற்று சிந்திக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஜிம்னாஸ்டிக்ஸ் என்றவுடன் ஆபத்து என்று அஞ்சுவோர், தேர்ந்த ஆசிரியர் முதல் குட்டிக்கரணத்தைக் கற்பிக்கும் முறையை அருகிருந்து காணவேண்டும்: மோவாயை மார்போடு ஒட்டி, முதுகை வளைத்து, உச்சந்தலை தரையில் படாமல் தோள்கள் மெத்தையைத் தொட உருளும் குழந்தை, காயமின்றி விழுவதற்கே முதலில் பழகிக்கொள்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த வழுவழுப்பான தரையில் இதைச் செய்யலாகாது. கனத்த மெத்தை அவசியம்.

தட்டையான பாதங்களோடு பயிற்சியைத் தொடங்கிய திரிபுராவின் தீபா கர்மாகர், 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் வால்ட் பிரிவில் 15.066 புள்ளிகள் பெற்று நான்காம் இடத்தை அடைந்தார். பதக்கம் 0.15 புள்ளியில் தவறியது. ஆயினும், பதக்கத்தைக் காட்டிலும், அந்தப் பாதங்களை இளமையிலேயே கவனித்துப் பக்குவப்படுத்திய சிரத்தையே எனக்குப் பெரிதாகப்படுகிறது.

நம் ஊரிலோ வசதிக்குக் குறைவில்லை. வள்ளல் அழகப்பர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தில் உடற்கல்விக் கல்லூரியே இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் மாவட்டந்தோறும் கோடைக்காலப் பயிற்சி முகாம்களை நடத்துகிறது. இவற்றில் ஜிம்னாஸ்டிக்ஸுக்கும் உரிய இடம் தந்து, கட்டணம் செலுத்த இயலாத சுற்றுக் கிராமங்களின் குழந்தைகளையும், விசேஷமாகப் பெண் குழந்தைகளையும், வெயில் ஏறுமுன் அழைத்துவந்து பயிற்றுவிக்க, கல்லூரியும் ஆணையமும் நகரத்துத் தனவந்தர்களும் ஒன்றுகூடி அடுத்த கோடைக்குள் ஏற்பாடு செய்ய வேண்டும்.