ஐந்து நிமிட யோகா யாருக்கு?

அரசு ஊழியர் நலனுக்கு நாற்காலியில் அமர்ந்தபடியே செய்யும் ஐந்து நிமிட யோகா போதும் என்ற வாதம், நாற்காலி உள்ளவர்களை மட்டுமே கணக்கில் கொள்கிறது. ஆயுஷ் அமைச்சகம் வகுத்த 'ஒய்-பிரேக்' பயிற்சியை 2023 ஜூனில் மத்தியப் பணியாளர் துறை ஊழியர்களுக்குப் பரிந்துரைத்தது. பயிற்சியில் குறையில்லை. அதையே நலத்திட்டமாக முன்வைப்பதுதான் பிழை.

நாற்காலி இல்லாதவர்களைப் பார்ப்போம். பிச்சாட்டூர், 2022 ஏப்ரலில் உருவான ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில் ஒரு மண்டலம். இத்தகைய ஊர்களில் அரசின் நலப்பணியை மக்களிடம் சேர்ப்பவர்கள் ஆஷா சுகாதாரப் பணியாளர்களும் அங்கன்வாடிப் பெண்களும். வீடு வீடாக நடப்பதும், குழந்தைகளை எடை பார்ப்பதும், பதிவேடு எழுதுவதும் அவர்கள் வேலை. ஆனால் பதிவேட்டில் அவர்கள் ஊழியர்கள் அல்லர், மதிப்பூதியம் பெறுவோர்.

2023 டிசம்பர் 12 அன்று ஆந்திர அங்கன்வாடிப் பணியாளர்கள் ஊதிய உயர்வும் பணிக்கொடையும் கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினர். அது 42 நாள் நீடித்தது. இடையில் அரசு அத்தியாவசியப் பணிச் சட்டத்தை அவர்கள்மீது ஏவியது. வேலை அத்தியாவசியமாம்; செய்பவர் மட்டும் ஊழியர் அல்லராம்! இது கொடுமை. அங்கன்வாடிப் பணியாளருக்குப் பணிக்கொடை உரிமை உண்டென்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலிலேயே தீர்ப்பளித்திருந்தது. ஊழியர் நலத்திட்டம் அந்த உரிமையிலிருந்தும், சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பிலிருந்தும் தொடங்க வேண்டும். மூச்சுப்பயிற்சி அதன் பிறகு.