முடக்கு வீதியும் மோட்டார் சைக்கிளும்

ஞாயிற்றுக்கிழமைகளில் எமது இளைஞர் பத்துப் பதினைந்து பேர் மோட்டார் சைக்கிள்களில் அணியாகப் புறப்பட்டு, கிராமத்து வீதிகளைச் சுற்றி மாலையில் வீடு திரும்பும் வழக்கம் அண்மைக் காலத்திற் குடாநாட்டிற் பரவி வருகின்றது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பழைய மாணவரும் இதிற் சேர்ந்து கொள்கின்றனர். வேலையற்றவர் செய்யும் வீண் ஊர்வலம் இது எனப் பெரியோர் சிலர் கடிந்துரைக்கின்றனர். அக்கருத்து எமக்கு உடன்பாடன்று. ஆயின், இளைஞர் இப்பொழுது செல்லும் முறையும் எமக்கு முற்றாக உடன்பாடன்று. இவ்விரண்டையும் பற்றிச் சில சொல்லவே இம்மலரில் இடம் கேட்டுப் பெற்றோம்.

யாதொரு வேலையுமின்றி வீதியிற் செல்லும் உரிமை எமக்கு எளிதிற் கிடைத்ததொன்றன்று. 1990 ஆம் ஆண்டின் பின்னர்க் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதிற் பற்றாது. ஆதலின், சிறு போத்தலிற் பொன்போலக் காத்து வைத்த பெற்றோலிற் சில துளிகளை விட்டு எஞ்சினை உதைத்து, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெயில் ஓடவிடுவர். பின்னாலே புகை எழும். பிளக்கிற் கரி பிடிக்கும். இடைவழியில் இறங்கி அதைக் கழற்றித் துடைத்துப் பூட்டி மீண்டும் உதைத்தல் வேண்டும். அவ்வாறு ஓடியவர் மருந்துக்கும் மரண வீட்டுக்கும் பரீட்சைக்கும் ஓடினரேயன்றி, இன்பம் கருதி ஒரு மைல்தானும் ஓடினாரல்லர். 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தை நோக்கிப் பெயர்ந்தபோது, செம்மணி வெளியில் நெரிசல் மிகுதியாற் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் உருட்டப்பட்டன, ஓட்டப்படவில்லை. எம் தலைமுறையினர் பலருக்குக் கூட்டமாக வீதியிற் சென்ற நினைவு என்றால் அதுவே. அதன் பின்னரும் ஏ-9 வீதி 2002 இல் திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடியது, 2009 இற் போர் முடிந்த பின்னரே மீண்டும் திறந்தது. 2022 ஆம் ஆண்டு எரிபொருட் பஞ்சத்தின்போது பெற்றோலுக்குப் பங்கீட்டு முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமையொன்றுக்கு 4 லீற்றர் என வரையறுத்தனர். இவ்வளவையும் கண்ட ஊரில், தாங்கி நிறையப் பெற்றோலும் தடையற்ற வீதியும் ஒருங்கே வாய்த்த ஒரு ஞாயிறன்று பிள்ளைகள் வெறுமனே சுற்றி வருவதை நாம் எவ்வாறு குறை கூறுவோம்?

எனினும் எமது வீதிகளின் இயல்பு வேறு. மலைநாட்டில் வீதி வளைவது மலை வளைப்பதனால். கொல்லிமலை ஏறும் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள. கண்டிக்கும் மகியங்கனைக்கும் இடையே பதினெட்டு வளைவு எனப் பெயர் பெற்ற இடமும் உண்டு. எமது குடாநாட்டிலோ மலையே இல்லை. கீரிமலையிலும் மலையைத் தேடிக் களைத்தவர் பலர்! இங்கு ஒழுங்கைகளை வளைப்பது காணி உறுதி. முதுசக் காணி பிள்ளைகளுக்குப் பங்காகவும் சீதனமாகவும் துண்டு துண்டாகப் பிரிய, தோட்டத்து எல்லையையும் கிணற்றடியையும் ஒரு வைரவர் சூலத்தையும் விலகி விலகி ஒழுங்கை நடந்தது. மாட்டுவண்டியின் வேகத்துக்கு அது போதுமானது. மலைப்பாதையில் அடுத்த வளைவு பள்ளத்துக்கு அப்பாலே பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். எமது முடக்கோ செங்கோணத்தில் திடீரெனத் திரும்பும். திரும்பிய பின்னரே அங்கு நிற்பது பசுவா பள்ளிப்பிள்ளையா என்பது தெரியும்.

முன்னர் இவ்வளவு இடர் இருக்கவில்லை. கதியால் நட்டுக் கிடுகோ பனையோலையோ கட்டிய வேலியின் இடுக்கால் ஒளி வரும், சைக்கிள் மணி கேட்கும், அப்பால் ஆள் அசைவதும் தெரியும். இப்பொழுது வேலி போய் மதில் வந்துவிட்டது. வெளிநாட்டுப் பணத்திற் கட்டிய மதில் ஆறடி உயரத்தில் முடக்கின் மூலை வரை கூராக வந்து நிற்கின்றது. வீட்டுக்காரருக்குக் காவல்; வீதியில் வருபவருக்குக் கண்கட்டு. இளைஞரின் வேகத்தைப் பற்றி ஓயாது பேசும் நாம், எமது மதில்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. மூலைக்காணி உடையோர் மதிலின் மூலையைச் சரிவாக வெட்டிக் கட்டினால், இழப்பது ஒரு தென்னங்கன்று நடும் இடமே. நல்லூர்ப் பிரதேச சபை மதிலுக்கு அனுமதி வழங்கும்போது இதனையும் ஒரு நிபந்தனையாக்குதல் நன்று. ஏற்கெனவே கட்டிய இடங்களிற் குவிவாடி ஒன்று நாட்டுதல் பெருஞ் செலவன்று; பழைய மாணவர் சங்கக் கிளைகள் நினைத்தால் ஆண்டுக்குப் பத்து முடக்குகளுக்கு நாட்டலாம்.

இனி ஓட்டுபவர் பக்கம் வருவோம். கணக்கு எளியது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவன் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீற்றர் கடக்கின்றான். எமது முடக்குகளில் முன்னே தெரியும் தூரம் பல இடங்களிற் பத்து மீற்றர்தானும் இல்லை. கண்டு, உணர்ந்து, பிறேக் பிடிக்கும் முன்னரே காரியம் முடிந்துவிடும். வேகம் இரட்டித்தால் பிறேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்பதைப் பௌதிக ஆசிரியர் வகுப்பிற் கற்பித்ததை அன்பர்கள் மறந்திரார். ஒழுங்கைக்கு இருபதே வேகம் என்று நாம் சொல்வது கோழைத்தனத்தாலன்று. முடக்கின் உள்ளே பிறேக் பிடிக்கலாகாது, அதற்கு முன்னரே வேகத்தைக் குறைத்தல் வேண்டும். ஏனெனில் எமது முடக்குகளிற் செம்மண் தூளும் மணலும் சேர்ந்து கிடக்கும். மாசி மாதத்தில் வைக்கோலும் நெல்லும் வீதியிலே காயும். தோட்டத்துக்கு நீரிறைக்கும் குழாய் குறுக்கே கிடக்கும். லாண்ட்மாஸ்ரர் விளக்கில்லாமல் எதிரே வரும்.

கூட்டமாகச் செல்வதற்கும் முறை உண்டு. அகன்ற வீதியில் முன்பின்னாக இடம் வலம் மாறி வரலாம். முடக்கு வீதியில் ஒருவர் பின் ஒருவராகவே வருதல் வேண்டும். வழி அறிந்தவர் முன்னும், பொறுமை மிக்கவர் கடைசியிலும், கூட்டத்தில் மிக மெதுவாக ஓடுபவர் முன்னவருக்கு அடுத்தும் செல்லுதல் நன்று. மெதுவானவரைப் பின்னே விட்டால் அவர் எட்டிப் பிடிக்க விரைவார். விபத்து அங்கேதான் பிறக்கும். பந்தயம் வேறு, சுற்றுப்பயணம் வேறு. 1953 இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பினர் பந்தயத்தை ஊர் வீதிகளில் நடத்தவில்லை. சோழவரத்தில் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்றிலேயே நடத்தினர். பந்தயம் வேண்டுமெனில் அதற்கென ஓர் இடத்தை முறையாகக் கேட்டுப் பெறுக. சைலன்சரை வெட்டி ஒலியெழுப்புவோரைக் கூட்டத்திற் சேர்க்கவே வேண்டாம். இணுவிலிலும் அளவெட்டியிலும் தவிலும் நாதசுரமும் கேட்டுப் பழகிய செவிகளுக்கு அவ்வொலி என்ன பாவம் செய்ததற்குத் தண்டனையோ அறியோம்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மின்கம்பங்களில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலித் தாள்களில் இருபது வயது நிரம்பாத முகங்களை நாம் அடிக்கடி காண்கின்றோம். போரிலே பிள்ளைகளை இழந்த ஊர் இது. எஞ்சியவர் ஒரு மதில் மூலையிற் போவதைத் தாங்கும் வலு எமக்கில்லை. உயர்தர வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு மாமன் பணம் அனுப்பினார் என்பதற்காக, அவன் நிலத்திற் கால் ஊன்ற முடியாத பெரிய வண்டியை வாங்கிக் கொடுப்பது அன்பன்று. பதினெட்டு வயதும் அனுமதிப்பத்திரமும் வரும் வரை அவன் சைக்கிள் மிதிக்கட்டும். முடக்கின் நுணுக்கம் அதிலேயே பாதி பழகிவிடும்.

வழி எது என்று கேட்பார்க்கு எமது விருப்பம் இது: கொக்குவிலிலிருந்து ஆனைக்கோட்டை, மானிப்பாய், சண்டிலிப்பாய், பண்டத்தரிப்பு வழியாக மாதகல், அங்கிருந்து கரையோரமாகச் சம்பில்துறை, கீரிமலை, கேணியில் நீராடி, தெல்லிப்பழை, அளவெட்டி, மல்லாகம், சுன்னாகம், இணுவில் வழியே மீளுதல். வலிகாமம் வடக்கிலே பல ஆண்டுகள் எவரும் செல்ல முடியாதிருந்த ஒழுங்கைகள் இவ்வழியை அடுத்து உள. அங்கு வீடுகளின் அத்திவாரத்தை மட்டும் கண்டு திரும்பிய முதியோர் இன்னும் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவரைப் பின்னிருக்கையில் அழைத்துச் செல்வதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு வராது.

மழை ஓய்ந்து வெயில் ஏறாத தை மாதமே இதற்கு உகந்தது. வெளிநாட்டு அன்பர்களோ பெரும்பாலும் ஓகஸ்டில் வருகின்றனர். அப்பொழுது நல்லூர்த் திருவிழா 25 நாட்கள்; வீதியெங்கும் அடியார் கூட்டம். கொக்குவிலிலிருந்து நல்லூர் நடந்து போகும் தூரமே. தேரும் தீர்த்தமும் முடியும் வரை மோட்டார் சைக்கிள் விறாந்தையில் நிற்கட்டும்.