முதலில் அட்டவணை

இணையதளம் கட்டக் கற்றுத்தரும் வகுப்புகள் பலவும் பொத்தானின் நிறத்தில் தொடங்குகின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. எட்கர் காட் 1970-இல் உறவுசார் தரவுத்தள முறையை முன்வைத்தபோது உலாவி என்ற ஒன்றே கிடையாது. இன்றும் பிஎச்பி, மைஎஸ்கியூஎல் கொண்டு ஓடும் தளங்களுக்கு அடித்தளம் அதுதான். நூலகத் தளம் செய்யப்போகிறவர் புத்தகம், உறுப்பினர், இரவல் என்று மூன்று அட்டவணைகளைத் தாளில் வரைந்து பார்க்கட்டும். ஒவ்வொரு இரவலிலும் உறுப்பினரின் முகவரியைத் திரும்ப எழுதிவைத்தால், அவர் வீடு மாறும் நாளில் அத்தனை இடத்திலும் திருத்த வேண்டிவரும். உறுப்பினர் எண்ணை மட்டும் குறித்தால் போதும். (பழகிப் பார்க்க எஸ்கியூலைட் நல்லது, தனி சர்வர் வேண்டாம், தரவு முழுவதும் ஒரே கோப்பில் அடங்கும்.) அந்த வகுப்புகளின் இன்னொரு குறை இதைவிடப் பெரிது. தேடல் பெட்டியில் பயனர் தட்டியதை அப்படியே எஸ்கியூஎல் கட்டளையோடு ஒட்டும் வழியை முதல் பாடத்திலேயே காட்டிவிட்டு, பாதுகாப்பைக் கடைசி அத்தியாயத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். விஷமி ஒருவர் ஒற்றை மேற்கோள் குறியை நுழைத்தே அந்தக் கட்டளையின் போக்கை மாற்றிவிடலாம். கட்டளையைத் தனியாகவும் மதிப்பைத் தனியாகவும் அனுப்பும் வசதி பிஎச்பியில் 2004-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. அதை முதல் நாளே சொல்லிக்கொடுத்தால் கூடுதலாக இரண்டொரு வரி தட்டச்ச வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.