மாமூலா, வழிபாடா?

உண்மையான வழிபாடு எது, மனுசன் உண்டாக்கின சம்பிரதாயம் எது என்று கிறித்தவர்களுக்குள்ளே ஒரு பழைய சண்டை உண்டு. சுரூபம் வைக்கலாமா, மெழுகுவர்த்தி கொளுத்தலாமா, தேர் இழுக்கலாமா, ஞானஸ்நானம் முழுக்கா தெளிப்பா, கை தட்டிப் பாடலாமா, அந்நிய பாஷை பேசணுமா என்று அது நீண்டுகொண்டே போகும். கத்தோலிக்கரைப் பார்த்து சி.எஸ்.ஐ.காரர் 'இதெல்லாம் மனுசக் கட்டளை' என்பார். அவரைப் பார்த்துப் பெந்தெகொஸ்தேக்காரர் 'அங்கி மாட்டிக்கிட்டு, புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிறது ஜெபமா?' என்பார். ஆளாளுக்கு வசனம் வச்சிருக்காங்க. இத்தனை பேச்சிலும் ஒன்று மட்டும் வராது. தமிழ்நாட்டுச் சபைகளுக்குள் மனுசன் உண்டாக்கின சம்பிரதாயங்களிலேயே பெரியது சாதி. அதைத் தொடாமல் மெழுகுவர்த்தியைப் பற்றி விவாதிக்கிறவர்களை என்னவென்று சொல்வது?

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் பங்குக் கோயிலில் எங்களுக்கு இடது பக்கம். யாரும் எழுதிப் போடவில்லை. பூசைக்குப் போனா கால் தானா அந்தப் பக்கம் போகும். திருவிழாவுக்கு ஊர்த் தெருவில் தலைக்கட்டு வரி வாங்குவார்கள். எங்க தெருவுல வாங்க மாட்டாங்க. வரி வாங்கினா உரிமை வந்துரும் இல்லையா? தேர் ஊர்த் தெருவெல்லாம் சுற்றி வந்து, சேரிக்குத் திரும்புகிற முக்கில் கொஞ்ச நேரம் நிற்கும். அப்புறம் அப்படியே கோயிலுக்குத் திரும்பிவிடும். எங்க அப்பாயி அந்த முக்குல முட்டி போட்டு, முந்தானையை ஏந்தி, மாதாவைப் பார்த்து அழும். அந்த அழுகை வழிபாடு. தேரை அந்த முக்கோடு திருப்பியது மனுசன் உண்டாக்கின சம்பிரதாயம். ரெண்டும் பத்தடி தூரத்தில், ஒரே நேரத்தில் நடந்தன.

விவரம் தெரிந்த வயசில் நாங்கள் நாலு பேர் போய்ச் சாமியாரிடம் கேட்டோம். 'என்னப்பா செய்யிறது, மாமூல் அப்படி இருக்கு. நான் வந்து மூணு வருசம்தான் ஆச்சு' என்றார். நல்ல மனுசன்தான். சேரிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தவர். ஆனாலும் கோயிலுக்குள் சுவிசேஷம் ஒரு பக்கம், மாமூல் ஒரு பக்கம் என்று வந்தால் அவர் மாமூல் பக்கம் நின்றார்.

இயேசு மாமூலை என்ன செய்தார்?

மாற்கு சுவிசேஷம் 7-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சீடர்கள் கை கழுவாமல் சாப்பிட்டார்கள் என்று பரிசேயரும் வேதபாரகரும் குற்றம் சொல்கிறார்கள். அது அழுக்குக் கையைப் பற்றிய பேச்சு இல்லை. தீட்டைப் பற்றிய பேச்சு. தீட்டு என்றால் என்னவென்று நம்ம சனத்துக்கு யாரும் வியாக்கியானம் சொல்ல வேண்டியதில்லை. இயேசு என்ன பதில் சொன்னார்? உதட்டால் கும்பிட்டுக்கொண்டு, மனுசர் போட்ட விதியைக் கடவுள் விதியாக்கிவிட்டீர்கள் என்று ஏசாயா தீர்க்கதரிசியை எடுத்துப் பேசினார். அதோடு நிற்காமல் கொர்பான் என்ற வழக்கத்தை இழுத்துத் தெருவில் போட்டார். பெற்ற தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதை 'இது கடவுளுக்குக் காணிக்கை' என்று சொல்லிவிட்டால், கொடுக்க வேண்டியதில்லை. கடவுள் பேரைச் சொல்லியே மனுசனுக்குச் செய்ய வேண்டியதைத் தட்டிக் கழிக்கிற வழி அது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இயேசுவும் யூதர், எதிரே நின்றவர்களும் யூதர். ஒரே வீட்டுக்குள் நடந்த சண்டை அது. எல்லாச் சடங்கையும் தூக்கி எறி என்று அவர் சொல்லவில்லை. இந்தச் சடங்கு மனுசனைச் சேர்க்குதா, தள்ளி வைக்குதா? செய்ய வேண்டிய நியாயத்தைச் செய்ய வைக்குதா, தப்பிக்க வழி பண்ணுதா? அவர் வைத்த அளவுகோல் இதுதான். இந்த அளவுகோலில் மெழுகுவர்த்தி தப்பித்துக்கொள்ளும். சேரி முக்கில் திரும்புகிற தேர் தப்பிக்காது.

தீட்டும் பந்தியும் பிறகும் சபைக்குள் வந்தன. அந்தியோகியாவில் பேதுரு புறசாதிக் கிறித்தவர்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து ஒதுங்கினார். பவுல் சும்மா விடவில்லை, முகத்துக்கு நேரே எதிர்த்தார். கொரிந்துச் சபையில் இருக்கிறவன் முதலில் தின்றான், இல்லாதவன் பசியோடு நின்றான். நீங்கள் கூடுவது கர்த்தருடைய பந்தியே இல்லை என்று எழுதினார் பவுல். யாக்கோபு தன் நிருபத்தில் இன்னும் நேராகப் பேசுகிறார். பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடம், ஏழைக்குக் காலடி என்று உட்கார வைக்கிறீர்களே, இது என்ன விசுவாசம் என்று கேட்கிறார். பந்தி, கலயம், உட்காருகிற இடம். நம் ஊர்க் கோயில்களில் சாதி நடந்த இடங்களும் இவைதான். வேதத்தில் இல்லாத புதுப் பிரச்சினையை தலித்துகள் கோயிலுக்குள் கொண்டு வந்துவிட்டார்கள் என்று சொல்கிறவர்கள் வேதத்தைத் திறந்தே பார்க்கவில்லை.

மாமூல் எப்படி உள்ளே வந்தது?

1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி பிராமண சந்நியாசி மாதிரி வாழ்ந்தார். மேல்சாதிக்காரர்களுக்கெனத் தனியாக ஊழியம் நடத்தினார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் மதச் சின்னமா, சமூக வழக்கமா என்று பெரிய வழக்கு. சமூக வழக்கம்தான், வைத்துக்கொள்ளலாம் என்று 1623-இல் ரோமாபுரியிலிருந்து போப் 15-ஆம் கிரகோரி அனுமதி கொடுத்தார். கீழ்ச்சாதி என்று தள்ளப்பட்டவர்களுக்குப் பிறகு பண்டாரசாமிகள் வந்தார்கள். ஒரே சுவிசேஷத்துக்கு ரெண்டு வாசல். 'இது மதம் இல்லை, வழக்கம்' என்ற அந்த ஒரு வார்த்தைக்குள் சாதி ஒளிந்துகொண்டது. எங்கள் சாமியார் சொன்ன 'மாமூல்' அதே வார்த்தையின் பேரப்பிள்ளை.

புராட்டஸ்டண்டுகளும் இதில் யோக்கியர்கள் இல்லை. சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே, முழுசாக விட வேண்டும் என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-இல் சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் சாதிக் கிறித்தவர்கள் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். எது அவர்களுடைய உண்மையான மதம் என்று அன்றைக்கே தெரிந்துபோனது.

வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோயிலுக்குப் பீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டை மாதிரி பிரிகிற நடை ரெண்டு. வெள்ளாளருக்கு ஒரு கால், நாடாருக்கு ஒரு கால், நடுவில் சுவர். 1910-இல் கௌசானல் சாமியார் அந்தச் சுவரை இடித்தார். வெள்ளாளர்கள் வழக்குப் போட்டார்கள். உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். ஒரு சாமியார் நினைத்தால் சுவரை இடிக்க முடியும் என்பதற்கு இது சாட்சி. 'மாமூலை மாத்த முடியாது' என்று யாராவது சொன்னால் வடக்கன்குளத்துக்குப் பஸ் ஏற்றிவிடுங்கள்.

2008 மார்ச்சில் எறையூரில் என்ன நடந்தது? தனிக் கல்லறை, தனி வழி என்று நடத்தப்பட்ட தலித் கிறித்தவர்கள், எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்று கேட்டார்கள். வன்னியக் கிறித்தவர்கள் அவர்கள் வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ரெண்டு பேர் செத்தார்கள். செத்த இருவரும் வன்னியக் கிறித்தவர்கள். சாதி தலித்தை மட்டுமா தின்னுது? தன்னைக் கட்டிக்காக்கிறவனையும் தின்னுது. தவக்காலத்தில், பாடுகளின் வழிபாடு நடக்கிற நாட்களில் நடந்தது இது.

'நாங்க வேதத்தை மட்டும் பிடிச்சிருக்கோம்'

சுரூபம் இல்லை, தேர் இல்லை, பண்டிகை இல்லை, வேதம் மட்டும்தான் என்கிற சபைகளில் நம் சனம் நிறையப் பேர் இருக்கிறார்கள். பக்கத்தில் உட்காரலாம், கையைப் பிடித்து ஜெபிக்கலாம், 'பிரதர்' 'சிஸ்டர்' என்று கூப்பிடுவார்கள். அந்த மரியாதை சின்ன விஷயம் இல்லை. ஆனால் பிரதர் சிஸ்டருடைய கல்யாணப் பேச்சு வரும்போது பாருங்கள். கிறித்தவப் பத்திரிகைகளின் மணமகள் தேவை விளம்பரத்தில் 'இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற' என்று தொடங்கி, அடுத்த வரியில் சாதிப் பேர் வரும். சுரூபத்தைத் தூக்கி எறிந்த கை சாதியைப் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. நம் பறையை 'பிசாசு மேளம்' என்று சொல்லி வெளியே வைத்தார்கள். ஆர்கன், கிட்டார், டிரம்ஸ் எல்லாம் உள்ளே வரலாம், பறை வரக் கூடாது. ஆர்கன் மட்டும் என்ன வானத்திலிருந்தா விழுந்தது? அதுவும் மனுசன் செஞ்சதுதானே. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் 'பரட்டை' என்று சனங்கள் கூப்பிட்ட தியாபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டையும் பறையையும் ஆராதனைக்குள் கொண்டு வந்தார். ஒரே உலையில் சோறாக்கி எல்லோரும் சேர்ந்து உண்பதை நற்கருணையோடு சேர்த்துப் பேசினார். மனுசன் செய்தது எல்லாம் கெட்டது இல்லை என்று அவர் காட்டினார். மனுசனைச் சேர்க்கிற சம்பிரதாயம் வழிபாட்டுக்குக் கை கொடுக்கும். பிரிக்கிற சம்பிரதாயம் வழிபாட்டைக் கொல்லும்.

சில எதிர்வாதங்கள்

'வழிபாடு ஆவிக்குரியது, சாதி உலகக் காரியம். உலகத்தைக் கோயிலுக்குள் கொண்டு வராதீங்க' என்கிறார்கள். காணிக்கையோடு பீடத்துக்கு வந்தவன், தன்மேல் சகோதரனுக்கு மனக்குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே போட்டுவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகட்டும் என்று மலைப் பிரசங்கத்தில் சொன்னது யார்? நம்மைத் தள்ளி வைத்தவர்கள் பீடத்தை விட்டு இறங்கி நம் தெருவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தக் காணிக்கை கடவுளிடம் போய்ச் சேர்ந்ததா?

'கிறித்தவத்தில் சாதி இல்லை' என்று இன்னொரு பல்லவி. அரசாங்கமும் இதையேதான் சொல்கிறது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை இந்து தலித்துகளை மட்டும் பட்டியல் சாதி என்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவ தலித் வெளியேதான். சேர்க்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் சொன்ன பிறகும் வெளியேதான். ஆயர்கள் நமக்காக டெல்லிக்குப் போய்ச் சபைக்குள் சாதிக் கொடுமை உண்டு என்று மனுக் கொடுக்கிறார்கள். நல்லது. ஊருக்குத் திரும்பி வந்ததும் அதைப் பங்குக் கோயிலில் ஒப்புக்கொள்ளத்தான் நாக்கு எழும்ப மாட்டேன் என்கிறது.

நம் தோழர்கள் கேட்கிற கேள்வி வேறு. 'இந்த மதத்தை விட்டுத் தொலைச்சா என்ன? அயோத்திதாசர் பௌத்தத்துக்குப் போனார், அம்பேத்கர் போனார். உங்களுக்கு மட்டும் என்ன கோயில் பாசம்?' இது மதிக்க வேண்டிய கேள்வி. அம்பேத்கர் கிறித்தவத்தின் மேல் வைத்த விமர்சனத்தை நாம் மறைக்கக் கூடாது. மதம் மாறியும் முன்பு இருந்த மாதிரியே தீண்டத்தகாதவர்களாக இருக்கிறோம் என்று தென்னிந்தியக் கிறித்தவர்கள் சைமன் கமிஷனிடம் கொடுத்த மனுவை அவரே எடுத்துக்காட்டி எழுதினார். விட்டுப் போகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பாமா கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்த கதையை 1992-இல் 'கருக்கு' சொன்னபோது நம்மில் பலருக்கு மூச்சு வந்தது. ஆனால் எங்க அப்பாயியின் அழுகையை நான் யாரிடம் விட்டுவிட்டுப் போவேன்? இந்தியாவின் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட ஆவணமே சொல்கிறது. வீடு நம்முடையது. வாசலில் நிற்க வைத்தவன் சொல்லி நாம் ஏன் கிளம்ப வேண்டும்?

தனிக்கோயில் கேட்பது சரியா என்றும் கேட்கிறார்கள். அடி வாங்கினவன் மூச்சு விட ஓர் இடம் கேட்பது குற்றம் இல்லை. ஆனால் அதோடு முடிந்துவிட்டால் சுவர் கோயிலுக்குள்ளிருந்து ஊருக்கு நடுவே போகும், அவ்வளவுதான். தனிப் பங்கு நமக்கு ஒரு படி. அதையே முடிவு என்று நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது.

என்ன செய்யலாம்?

காகிதத்துக்குக் குறைச்சல் இல்லை. 1990-இல் தமிழக ஆயர்கள் பத்து அம்சத் திட்டம் போட்டார்கள். 2003-இல் போப் இரண்டாம் ஜான் பால், சாதிப் பாகுபாடு மனித ஒருமைப்பாட்டுக்கே எதிரானது என்று தமிழக ஆயர்களிடமே சொன்னார். 2016 ஆவணமும் வந்தது. 2022-இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். சந்தோசம்தான். ஆனால் கர்தினாலின் சிவப்புத் தொப்பி சேரி முக்கில் நிற்கிற தேரைத் தள்ளாது.

தள்ளுகிற பலம் பங்குச் சாமியாரிடம் இருக்கிறது. வரி வாங்க மறுத்த திருவிழாவுக்குப் பூசை கிடையாது. எல்லாத் தெருவுக்கும் போகாத தேரை மந்திரிக்க முடியாது. ரெண்டு கல்லறை, ரெண்டு தூம்பா உள்ள ஊரில் முதலில் அது ஒன்றாகட்டும், அப்புறம் மற்றது. இதைச் சொல்ல எந்த ஆணையமும் வேண்டாம். சொன்னால் கலவரம் வரும் என்பார்கள். வரலாம். பவுலுக்கும் வந்தது, கௌசானலுக்கும் வந்தது. சேரியில் மட்டும் தினமும் அடி விழுகிற நிலைக்கு அமைதி என்று பேர் வைத்தவர்கள்தான் கலவரத்தைக் கண்டு பயப்படுகிறார்கள்.

குருமடத்திலும் இறையியல் கல்லூரியிலும் படிக்கிற தம்பிகளே, தங்கைகளே! நாளைக்கு நீங்கள் ஒரு பங்குக்கு, ஒரு சபைக்குப் போவீர்கள். பெரியவர்கள் வந்து மாலை போட்டு, 'சாமி, இங்க மாமூல் என்னன்னா...' என்று தொடங்குவார்கள். அந்த வாக்கியத்தை முடிக்க விடாதீர்கள். இயக்கத் தோழர்களே, உங்கள் ஊர்த் தேர் எந்த முக்கில் திரும்புகிறது என்று பாருங்கள். அந்த முக்கில் போய் நில்லுங்கள். தேர் அதைத் தாண்டி உள்ளே வரட்டும்.

வந்த பிறகு, மெழுகுவர்த்தி கொளுத்தலாமா கூடாதா என்று சாவகாசமாக உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.